ஆடி, ஆவணி மழையில் லுவாங் பிரபாங்: போகலாமா, தள்ளிப்போடலாமா?

#1 பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதத்தில் லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகருக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். நானும் என் மனைவியும், எழுபதை நெருங்கும் என் தாயாரும் செல்வதாக ஏற்பாடு. பள்ளி, அலுவலகம் என எல்லா விடுப்புகளும் ஒன்றாக அமைவது அந்த மாதத்தில்தான். ஆனால் நாங்கள் அணுகிய பயண முகவர், "மழைக்காலத்தில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, நவம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் தாயாருக்கு அருவியில் குளிக்கவோ மலை ஏறவோ ஆசையில்லை. ஆற்றங்கரையில் உட்கார வேண்டும், கோயில்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், அதிகாலையில் துறவிகள் பிச்சை ஏற்று வருவதைக் காண வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் அங்கே சென்று வந்தவர்கள், மழை எப்படிப் பெய்யும், எவை நடக்கும், எவை நடக்காது என்பதை விரிவாகச் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

#2 நீர்வழி

லாவோஸின் தலைநகரான வியந்தியானில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முகவர் விடுதிகளின் கணக்கை வைத்துப் பேசுகிறார். ஆகஸ்டில் அறைகள் காலியாக இருக்கும் என்பது உண்மை. கோயில்கள் காலியாக இருக்கும் என்பது உண்மையன்று. சொல்லப்போனால் அங்குள்ள கோயில்களுக்கு அதுவே நிறைந்த காலம்.

ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அக்டோபர் பௌர்ணமி வரை, தேரவாதப் பௌத்தத் துறவிகள் தத்தம் மடத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது விதி. தக்க காரணமின்றி வேறிடத்தில் இரவு தங்கக் கூடாது. நம் மடாதிபதிகள் சாதுர்மாஸ்யத்துக்கு ஓரிடத்தில் அமர்வதைத் தங்கள் தாயார் அறிந்திருப்பார், அடிப்படை ஒன்றுதான். இந்தத் தவணையின் தொடக்க நாளை லாவோ மக்கள் காவ் பன்சா என்றும் நிறைவு நாளை ஓக் பன்சா என்றும் கொண்டாடுகிறார்கள். மழைக்காலத் தங்கலுக்காகவே துறவாடை ஏற்று, அது முடிந்ததும் வீடு திரும்பும் இளைஞர்களும் உண்டு. ஆகவே மாலை ஓதுதலின்போது மண்டபத்துக்குள் எழும் குரல் கனத்து ஒலிக்கும். வெளியே மழை பெய்துகொண்டிருக்க, வாசலருகே ஓசையின்றி அமர்ந்து அதைக் கேட்பதற்குச் சீட்டு எதுவும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம்.

மழையைப் பற்றி: ஜூலையும் ஆகஸ்டும்தான் உச்சம். பெரும்பாலான நாள்களில் பிற்பகலிலோ இரவிலோ ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலை வேளை பலநாள் மேகமூட்டத்துடன் நடப்பதற்கு இதமாகவே இருக்கும். ஆனால் வியட்நாம் கரையில் புயல் ஏதேனும் ஏறினால், இரண்டு மூன்று நாள் விடாமல் தூறலும் பெருமழையும் மாறிமாறி வரும். அதற்கும் மனத்தளவில் தயாராக இருங்கள்.

கோயில்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் முனைக்கு அருகே வாட் சியெங் தோங் இருக்கிறது. 1560 வாக்கில் அரசர் செத்தாதிராத் கட்டியது. தலைநகரை வியந்தியானுக்கு மாற்றியவரும் அவரே. 1887இல் நகரம் சூறையாடப்பட்டபோது மற்றக் கோயில்கள் பல எரிந்தும் இது தப்பிவிட்டது. இதன் முதன்மை மண்டபத்தின் கூரை, அடுக்கடுக்காகச் சரிந்து இரு பக்கமும் தரையை நோக்கி மிகத் தாழ இறங்கும். வெயில் நாளில் அதைப் புகைப்படம் எடுப்பவர்கள் அழகான வளைவு என்று மட்டும் சொல்வார்கள். மழையில் நின்று பாருங்கள்: மேல் அடுக்கில் விழும் நீர் அடுத்த அடுக்குக்கு வழிந்து, அங்கிருந்து கடைசி ஓட்டு வரிசையைத் தாண்டிச் சுவரை விட்டு விலகி விழும். பின்சுவரில் செந்நிறப் பரப்பின்மேல் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஒரு பெரிய மரம் அமைத்திருக்கிறார்கள்; அது 1960களின் வேலைப்பாடு. உச்சி வெயிலில் அந்தக் கண்ணாடிகள் கண்ணைக் கூசச் செய்யும். மேகம் மூடிய வெளிச்சத்தில்தான் மரத்தடியில் இருக்கும் விலங்குகளும் பறவைகளும் தனித்தனியாகத் தெரியும். அதே வளாகத்தில் உள்ள சிறிய சன்னிதியின் வெளிச்சுவரில், இளஞ்சிவப்புப் பூச்சின்மேல், ஊர் வாழ்க்கைக் காட்சிகள் இதே கண்ணாடி வேலையில் உள்ளன. இது புத்தர் பரிநிருவாணம் அடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1950களின் இறுதியில் செய்யப்பட்டது. உங்கள் தாயார் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நிற்பார் என்று நினைக்கிறேன்.

மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பற்றியும் ஒரு சொல். மலைச்சரிவுகளில் விவசாயத்துக்காகக் காட்டை எரிக்கும் புகை அப்போது பள்ளத்தாக்கை அடைத்துக்கொள்ளும்; எதிர்க்கரை மலைகளே தெரியாத நாள்கள் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை நன்றாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அப்போது துறவிகளைவிடப் படக்கருவிகள் அதிகம்.

#3 சுமைதாங்கி

மேலே நண்பர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் மழைக்காலத்தின் மறுபக்கத்தையும் யாரேனும் சொல்ல வேண்டும். நாங்கள் சாலை வழியாக வந்தோம். வியந்தியானிலிருந்து வரும் மலைச்சாலையில் மண் சரிந்து, இருட்டில் மணிக்கணக்கில் சிற்றுந்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வண்டிக்காரர்களிடம் தகவல் இல்லை, குடிநீர் இல்லை, கழிப்பறைக்கு வழியில்லை. எங்களுடன் வந்த முதியவர் ஒருவர் பட்ட பாட்டைப் பார்த்தபின், மூத்தவர்களை அழைத்துக்கொண்டு மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாய்லாந்து எல்லையிலுள்ள ஹுவாய் சாயிலிருந்து, இடையே பாக் பெங்கில் இரவு தங்கி, இரண்டு நாள் படகில் வருவதைப் பலர் புகழ்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு வேகமாக ஓடும்; அடியோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து வரும்; படகின் பக்கத் திரைச்சீலையை இறக்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. கோயில்கள் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கோயிலுக்குள் நுழையும் முன்னரே களைத்துப்போனால் அழகு யாருக்கு?

#4 நீர்வழி

சுமைதாங்கி அவர்கள் சொல்லும் துன்பம் உண்மையானது. ஆனால் அது சாலையின் குறை. அதை நகரத்தின் குறையாகவோ பருவத்தின் குறையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வியந்தியான் முதல் சீன எல்லையான போத்தென் வரை ரயில் பாதை திறக்கப்பட்டபின், அந்த மலைச்சாலையில் மழைக்காலத்தில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பாதையில் பெரும்பகுதி சுரங்கங்களும் பாலங்களும்தான். வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதால் அங்கிருந்து பகிர்வு வேனில் வர வேண்டும். சீட்டு எடுக்கக் கடவுச்சீட்டு தேவை. சில நாள்களுக்கு முன்னர்தான் விற்பனை தொடங்கும். இன்னொன்று, நிலையப் பாதுகாப்புச் சோதனையில் தெளிப்பான் புட்டிகளையும் கத்திகளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எனவே கொசு விரட்டியைக் களிம்பு வடிவில் எடுத்து வாருங்கள். மழைக்காலத்தில் டெங்கு அதிகம். அந்தக் கொசு பகலில் கடிப்பது. இதில் அலட்சியம் வேண்டாம்.

வயது முதிர்ந்தவர் உடன் வருவதால், பாங்காக்கிலிருந்து நேரடி விமானத்தில் லுவாங் பிரபாங்குக்கே வந்துவிடுவது இன்னும் எளிது. படகுப் பயணத்தைப் பற்றி நானும் அவரும் ஒரே கருத்து: ஆகஸ்டில் அந்த இரண்டு நாள் படகு வேண்டாம்.

#5 கண்டிவீதி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் விகாரைகளிலும் ஜூலை போயா எனப்படும் பௌர்ணமியிலிருந்து அக்டோபர் வரை "வஸ்" காலம்தான். அது முடிந்ததும் துறவிகளுக்கு ஆடை வழங்கும் கட்டின பூசை நடக்கும். ஆதலால் லுவாங் பிரபாங்கில் ஆகஸ்ட் மாதத்தில் நின்றபோது எதுவும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரு விடயம் மட்டும் முற்றிலும் புதிதாக இருந்தது; அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

லாவோ நாட்காட்டியின் ஒன்பதாம் மாத அமாவாசையன்று, அதாவது ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, காவ் படப் தின் என்ற நாள் வருகிறது. விடிவதற்கு வெகு முன்னர், இருள் கலையாத நேரத்தில், வீட்டிலுள்ளோர் வாழையிலையில் சிறு சிறு பொதிகளாகச் சோறும் பழமும் இனிப்பும் கட்டிக் கொண்டுவந்து, விகாரை வளவின் மதிலோரத்திலும் மரத்தடியிலும் மண்ணிலேயே வைக்கிறார்கள். இறந்துபோன உறவினருக்கும், நினைக்க ஆளில்லாமற் போன ஆவிகளுக்கும் உரிய படையல் அது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் பார்த்தபோது ஒரு மூதாட்டி, நனைந்த மண்ணில் பொதி சரியாமல் இருக்க முதலில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்து, அதன்மேல் பொதியை வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, காற்று அணைக்காதபடி அதைத் தன் குடையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அதே நாளில் நாம் கான் ஆற்றில் படகுப் போட்டியும் உண்டு. அந்த நீண்ட மரப்படகுகளை ஆண்டு முழுவதும் விகாரை வளவிலுள்ள கொட்டகைகளில் வைத்துப் பேணுகிறார்கள்; போட்டிக்கு முன்னர் பூவும் ஊதுபத்தியும் வைத்து வணங்கியே ஆற்றில் இறக்குகிறார்கள். கரையெங்கும் ஊரே கூடிவிடும். காலையில் இறந்தோருக்குப் படையல், பகலில் ஆரவாரம். நாள் ஒவ்வோர் ஆண்டும் மாறும் என்பதால், பொருநைக்கரை அவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னர் அந்த அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் முன்பின் மாற்ற முடியுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

#6 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ரயிலா விமானமா என்ற குழப்பம் தீர்ந்தது. பாங்காக் வழியாக விமானத்தில் வருகிறோம். அமாவாசையை ஒட்டித் திட்டமிட முயல்கிறேன். இன்னும் மூன்று ஐயங்கள். பிச்சை ஏற்கும் ஊர்வலத்தில் என் தாயாரும் சோறு இட விரும்புகிறார். வெளியூரார் அப்படிச் செய்யலாமா? வழுக்கும் படிகள் எங்கெங்கே உள்ளன? நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள், தாக்குப்பிடிக்க முடியுமா?

#7 விடிவெள்ளி

சோறு இடுவதைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பார்க்கலாம், இட வேண்டாம். முக்கிய வீதியில் பயணிகளுக்காகவே பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சோற்றுக்கூடை விற்கிறார்கள். வேனில் வந்து இறங்கும் கூட்டம் துறவியின் முகத்துக்கு எதிரே கைப்பேசியை நீட்டுகிறது. அவர்கள் தரும் சோறும் சில வேளைகளில் பழையது. இது ஊர்மக்களுடைய அன்றாட வழிபாடு. நம் ஊரில் திருவிழாப் புறப்பாட்டின் நடுவே புகுந்து ஒருவர் விளக்கொளி பாய்ச்சிப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? எதிர்ப்பக்க நடைபாதையில், சுவரோரம், தோளும் முழங்காலும் மறைய உடுத்தி, பேசாமல் நின்று பார்ப்பதே மரியாதை.

#8 கண்டிவீதி

விடிவெள்ளி அவர்கள் சினம் நியாயமானது. ஆனால் முடிவு எனக்கு உடன்பாடில்லை. வேடிக்கைக்காக இடுவதும், நம்பிக்கையோடு இடுவதும் ஒன்றல்ல. தானம் கொடுக்கப் பிறந்த ஊர் தடையன்று. அந்த அம்மையார் மனமாரக் கொடுக்க விரும்பினால் தடுக்க நாம் யார்? முக்கிய வீதியைத் தவிர்த்து, உங்கள் விடுதியின் வீட்டுக்காரரிடம் முதல்நாளே சொல்லுங்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தம் வாசலில் அமரும்போது அம்மாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்வார்கள். சோறும் அவர்கள் அடுப்பில் அன்று அவித்ததாக இருக்கும்.

மழையென்றால் துறவிகள் குடையுடன், வெறுங்காலுடன் வரிசையாக வருவார்கள். நேரம் காலை ஐந்தரை மணியை ஒட்டி. ஒட்டரிசிச் சோறு மூங்கில் கூடையில் இருக்கும். அதன் மூடியைத் திறந்து, ஒரு பிடி கிள்ளிப் பாத்திரத்தில் இட்டு, அடுத்தவர் வருமுன் சட்டென்று மூடிவிட வேண்டும். இல்லையேல் சாரலில் சோறு நனைந்துவிடும். செருப்பைக் கழற்றிவிடுங்கள். பெண்கள் துறவியின் உடலையோ ஆடையையோ தொடக் கூடாது. முழங்கால் மடக்க முடியாத முதியவர்கள் தாழ்வான முக்காலியில் அமர்வதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை.

#9 விடிவெள்ளி

வீட்டு வாசலில், வீட்டாருடன் என்றால் எனக்கும் மறுப்பில்லை. படம் மட்டும் வேண்டாம்.

#10 நீர்வழி

வழுக்கும் இடங்களும் ஆறும் பற்றி.

நகரின் நடுவே உள்ள பூசி குன்றுக்குப் பழைய அரச அரண்மனைப் பக்கத்திலிருந்து ஏற முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் 1804இல் எழுப்பிய பொன்னிறத் தூபி இருக்கிறது. அதைக் கீழிருந்தே ஊர் முழுவதிலிருந்தும் பார்க்கலாம் என்பதால், தாயாரை ஏற்ற வேண்டியதில்லை. மழைநாளில் சூரிய மறைவுக்காக அங்கே ஏறுவது வீண். ஆற்றங்கரைக்கு இறங்கும் படித்துறைகளில்தான் உண்மையான ஆபத்து. வண்டல் படிந்து கால் நிற்காது. கோயில் மண்டபங்களில் காலணியைக் கழற்ற வேண்டியிருப்பதால், ஈரம் உறிஞ்சும் காலுறையும் மூடிய செருப்பும் வேண்டாம்; எளிதில் கழற்றி மாட்டும், அடி வழுக்காத செருப்பு போதும்.

நாம் கான் ஆற்றின் குறுக்கே படங்களில் பார்க்கும் மூங்கில் பாலம் ஆகஸ்டில் இருக்காது. வெள்ளம் வருமுன் பிரித்துவிட்டு, மழை ஓய்ந்து நீர் வடிந்தபின் மீண்டும் கட்டுகிறார்கள். அதற்காக ஏமாற வேண்டாம். பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. மீகாங் செம்மண் நிறத்தில், கோடையில் மணல்திட்டாகக் கிடந்த இடங்களையெல்லாம் மூடிக்கொண்டு ஓடும். கரையோரத் தேநீர்க்கடை ஒன்றில் கூரைக்கடியில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. தங்கள் தாயார் கேட்ட "ஆற்றங்கரையில் உட்கார்வது" இந்தப் பருவத்தில்தான் நிறைவாக இருக்கும்.

வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவில் நாம் ஊ ஆறு கூடுமிடத்தில் பாக் ஊ குகைகள் உள்ளன. உள்ளே பக்தர்கள் காலங்காலமாக வைத்துச் சென்ற எண்ணற்ற புத்தர் படிமங்கள். எதிர்நீச்சலாகப் போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆறு பெருகிய நாளில் படகுக்காரரே தயங்கினால், கூடுதல் பணம் கொடுத்து வற்புறுத்தாதீர்கள். உயிர்காப்பு மேலாடை இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.

குவாங் சி அருவியின் நீலப்பச்சை நிறம் சுண்ணாம்புக் கல்லால் வருவது. பெருமழைக்குப் பின் அந்த நிறம் மறைந்து சேற்று நிறமாகும், குளிக்கவும் விடமாட்டார்கள். நீர் விழும் ஓசையைக் கேட்கப் போகலாம். மழைக்காலத்துக்கே உரிய அருவி தாட் சே. கோடையில் வறண்டு கிடக்கும் அது, ஆகஸ்டில் மரங்களினூடே பரந்து இறங்கும். நாம் கான் ஆற்றில் சிறிது தூரம் படகில் போய் அடைய வேண்டும்.

அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை: 2024 செப்டம்பரில் யாகி புயலின் விளைவாக மீகாங் பெருகி, நகரின் தாழ்வான பகுதிகளில் நீர் புகுந்தது. இரு ஆறுகளுக்கும் நடுவே உள்ள தீபகற்பத்தின் முதுகுப்பகுதியில், முக்கிய வீதியை ஒட்டி அறை எடுத்தால் கவலை குறைவு. ஆற்றோர அறைக்கு ஆசைப்பட்டால் மேல்மாடியாகப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். பெரிய நோய் என்றால் வியந்தியானுக்கோ தாய்லாந்துக்கோதான் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

பெருமழை கொட்டும் பிற்பகலுக்கு ஓர் இடம்: 1904இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. இப்போது அருங்காட்சியகம். நகருக்குப் பெயர் தந்த பிரபாங் என்னும் புத்தர் படிமம், 83 சென்டிமீட்டர் உயரம், இவ்வளாகத்தில்தான் உள்ளது. மன்னர் சிசவாங் வோங்கின் இறுதி ஊர்வலத் தேரோ சியெங் தோங்கில். அத்தேர்க் கொட்டகையின் முகப்பில் இராமகாதையின் லாவோ வடிவக் காட்சிகளைப் பொன்பூசிச் செதுக்கியிருக்கிறார்கள். இராவணனை அடையாளம் காண உங்கள் தாயாருக்கு யாரும் உதவ வேண்டியிருக்காது.

#11 கீரைக்கட்டு

சைவ உணவு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தாக்குப்பிடிக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டும். மழைக்காலம் என்பதால் சந்தையில் காளானும் மூங்கில் குருத்தும் குவிந்து கிடக்கும். அவற்றைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்: மூங்கில் குருத்துக் குழம்பில் பதேக் என்னும் ஊறவைத்த மீன்சாறு அநேகமாக இருக்கும். சியோ போங் என்ற மிளகாய்த் துவையலைப் பார்த்தால் நம் துவையல் என்றே தோன்றும். அதில் எருமைத்தோல் சேர்ப்பது வழக்கம். ஆற்றுப்பாசி அப்பளம் பெரும்பாலும் சைவமே, எண்ணெயைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

"கின் ஜே" என்று சொன்னால் புலால் தவிர்ப்பவர் என்று புரிந்துகொள்வார்கள். இருந்தாலும் மீன்சாறு வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டரிசிச் சோறு, அவித்த காய்கறி, வறுத்த டோஃபு, பழங்கள் எங்கும் கிடைக்கும். நகரில் இந்திய உணவகங்களும் உண்டு. அம்மாவுக்கு இரண்டாம் நாளே ரசம் நினைவு வந்தால் கைகொடுக்கும். ஒட்டரிசி வயிற்றில் கனமாக நிற்கும் என்பதால் இரவில் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுதியில் காலை உணவு உண்டென்றால், அறை பதிவு செய்யும்போதே மீன்சாறு, இறால் பொடி, எலும்புச் சாறு மூன்றும் கூடாது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். போய் இறங்கியபின் சமையலறையில் நின்று விளக்குவதைவிட அது எளிது.